சுற்றுலாத் தலம் நம் தெருவிலேயே இருந்தால்: டெல்டா ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில் ஊர்களில் நடக்கும் தெருக்கூட்டங்களுக்குப் போய்வருகிறவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் அதே சந்தேகங்கள்தான், கேட்கிற ஆள் மட்டும் மாறுகிறார். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

கோயிலைப் பார்க்க தினமும் பஸ் பஸ்ஸா வர்றாங்க. அரசாங்கம்தான் பார்த்துக்குதே, இதுல ஊர்க்காரனுக்கு என்ன வேலை?

அரசாங்கம் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மதிலுக்கு உள்ளே. வந்த பஸ் எங்கே நிற்கிறது, இறங்கியவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள், சாப்பிட்ட இலையும் தண்ணீர் பாட்டிலும் எந்த வாய்க்காலில் விழுகின்றன, ஆம்புலன்ஸ் வந்தால் தெருவுக்குள் நுழைய முடியுமா என்பதெல்லாம் மதிலுக்கு வெளியே நடக்கிற விஷயம். அங்கே தினமும் கண் வைத்திருப்பவர்கள் குடியிருப்பவர்கள் மட்டும்தான். அதிகாரி மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். வாசல் தெளிக்கும்போது மிதிபடுகிற குப்பை உங்களுடையது.

அதற்காகக் கோயிலையோ ஏரியையோ ஊரே எடுத்து நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சட்டப்படி முடியவும் முடியாது, பல இடங்களில் தேவையும் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் ஊருக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம்தான் போய் உட்காருவதில்லை.

முதல்ல யாரைப் போய்ப் பார்க்கணும்? ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தரைக் கைகாட்டுறாங்க.

கைகாட்டுவதில் பாதி உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். கட்டடத்தைக் காப்பது மத்தியத் தொல்லியல் துறை, பூஜையும் திருவிழாவும் அரண்மனை தேவஸ்தானம், வெளியே இருக்கும் சாலையும் சாக்கடையும் மாநகராட்சி. தஞ்சை அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஒரே வளாகத்துக்குள் கலைக்கூடத்துக்கு ஒரு டிக்கெட், இன்னொரு பகுதிக்கு வேறு டிக்கெட். நிர்வாகங்கள் வேறு வேறு என்பதால் வருவது அது.

மற்ற இடங்களும் இப்படித்தான். பிச்சாவரத்தில் காடு வனத்துறையுடையது, படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. கல்லணை நீர்வளத் துறை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை மாநிலத் தொல்லியல் துறை. வேளாங்கண்ணி பேராலயம் தஞ்சை மறைமாவட்டம். திருநள்ளாறு நம் பக்கத்து ஊர்தான் என்றாலும் புதுச்சேரி ஆட்சிக்குள் வருகிறது, தமிழ்நாட்டு விதி எதுவும் அங்கே செல்லாது.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்து உங்கள் இடத்தின் படத்தை வரைந்து, ஒவ்வொரு துண்டு நிலமும் யாருடையது, அதில் யார் பணம் வசூலிக்கிறார்கள் என்று எழுதுவது. கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்தால் நிலக்கணக்கு தெரிந்துவிடும். இந்தத் தாள் இல்லாமல் மனு எழுதாதீர்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு அங்கேயே தூங்கும்.

கிராம சபையில சொன்னா ஏதாச்சும் நடக்குமா? டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து அனுப்பிடுறாங்களே.

வாயால் சொன்னால் நடக்காது, தீர்மானமாக எழுத வைத்தால் நடக்க வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை நடக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை என்று இருக்கிறது, 2022இலிருந்து கூட்டுகிறார்கள்.

‘சுற்றுலா வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. ‘வடக்கு வீதி சர்வே எண் இன்னதில், பெண்களுக்கு இத்தனை கழிவறை, தண்ணீர் இந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து, பராமரிப்பு இந்த நிதியிலிருந்து’ என்று இடம், அளவு, நிதி மூன்றும் இருக்க வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் எழுதிக்கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது.

சங்கம் பதிவு பண்ணியே ஆகணுமா?

மனு கொடுக்க, கிராம சபையில் பேச, தகவல் கேட்க எதுவும் தேவையில்லை. பணம் கைமாறத் தொடங்கினால் தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். அதன் பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று சில கடமைகள் வரும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் பதிவு செய்யாமல் இருப்பதே மேல்.

கோயில் நிர்வாகத்துக்குள்ளேயே ஊர்க்காரர் வர முடியுமா?

அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் முடியும். பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களில் மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை அறங்காவலர் குழு அமைக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வரும். அதைக் கவனித்து விண்ணப்பிக்கிறவர்கள் குறைவு. சிபாரிசு இல்லாமல் கிடைக்காது என்று பேசிக்கொண்டே பலர் விண்ணப்பமே போடுவதில்லை. பரம்பரை அறங்காவலர் உள்ள கோயில்களில் இந்த வழி அப்படியே பொருந்தாது.

மாசா மாசம் கோயிலைச் சுத்தம் பண்ற உழவாரப் பணிக்குப் போறோம். நல்லது செய்யப் போனா தொல்லியல் துறைக்காரங்க விரட்டுறாங்க.

கோபம் புரிகிறது. ஆனால் தாராசுரம் கோயிலுக்குப் போய், கருவறையின் அடிப்பகுதியில் சுற்றி வரும் நாயன்மார் சிற்பங்களைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதை, கூடவே சிறு எழுத்தில் பெயர். அந்த எழுத்தின் பள்ளம் நகக்கண் அளவுக்குக்கூட இல்லை. கம்பி பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்தால் எண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்ற எழுத்து போய்விடும். ஆசிட், சோப்புத்தூள், மணலைப் பீய்ச்சுவது, எனாமல் பெயிண்ட் எல்லாமே இதே கணக்கில்தான் வரும். பலிபீடத்தின் இசைப்படிகளுக்குக் கம்பி வேலி போட்டிருப்பதும் தட்டித் தட்டிப் பார்த்த கைகளால் வந்த வினை.

தரையில் புல் பிடுங்குவது, மதிலில் முளைத்த அரசங்கன்றுகளைக் காட்டிக் கொடுப்பது, தூணில் எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வது ஆகியவை ஊர்க்காரர் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலைகள். கல்லைத் தொடுகிற வேலை எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே.

கோயில்ல இருந்து எண்பது மீட்டர்ல வீடு. மேல ஒரு மாடி எடுத்து ரூம் விடலாம்னு பார்க்கிறேன்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால், மாடி எடுக்க முடியாது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இதை இறுக்கிவிட்டது. முதல் பகுதியில் இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க அனுமதி கேட்கலாம்; புதுக் கட்டுமானம் கிடையாது. இரண்டாவது பகுதியில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதியோடு கட்டலாம். அளவு கோபுரத்திலிருந்து இல்லை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து.

இதனால் தெருக்காரர்களுக்குக் கஷ்டம் என்பதை மறுக்க மாட்டேன். ஓட்டு வீடு ஒழுகினாலும் மனுவோடு அலைய வேண்டியிருக்கிறது. ஊராகச் செய்யக்கூடியது: பழுதுபார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியலைப் படங்களோடு சேர்த்து எல்லா மனுக்களையும் ஒரே நாளில் கொடுப்பது. தனித்தனியாக அலைவதைவிட இது வேகமாக நகரும்.

அப்போ இருக்கிற வீட்டுலயே ரெண்டு அறையை விருந்தினருக்கு விடலாமா?

விடலாம். திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு என்றால் அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது இத்திட்டங்களின் அடிப்படை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணைய வழியில் தகவல் பதிய வேண்டும். இதை மறந்தால் வீட்டுக்காரர் மேல்தான் வழக்கு வரும்.

வண்டி நிறுத்த ஐம்பது, நூறுன்னு வாங்குறாங்களே, அது யாருக்குப் போகுது?

நீங்கள் வரைந்த தாளை எடுங்கள். நிலம் கோயிலுடையது என்றால் ஏலத் தொகை கோயில் நிதிக்கு. ஊராட்சி அல்லது நகராட்சியுடையது என்றால் உள்ளாட்சிக்கு. குத்தகை எடுத்தவர் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு வசூலைத் தான் வைத்துக்கொள்கிறார். ஏல நிபந்தனையில் வண்டிக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். வாங்குவது அதைவிட அதிகமாக இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி, ஏல அறிவிப்பு, நிபந்தனைகள், கடைசி மூன்று ஆண்டு ஏலத் தொகை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் பேசினால் கூட்டத்தின் சத்தமே வேறாக இருக்கும். கட்டண விவரத்தைப் பெரிய பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று அடுத்த ஏல நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத இந்த ஒரு பலகையால் பாதிச் சண்டை குறையும்.

ரோட்டோரக் கடைகளை எடுத்துட்டா ஊரே பளிச்சுனு ஆயிடும்ல?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் சொந்தக் கடை உள்ளவர்களே கேட்கிறார்கள். சரி, சட்டத்தை முதலில் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகரப் பகுதிகளில் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினரில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அதில் இடம் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை இருக்கிற வியாபாரியை அகற்றக் கூடாது.

என் கருத்து: பூ, தேங்காய், மோர், வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள்தான் அந்த இடத்தின் முதல் காவல். குழந்தையைத் தொலைத்தவர் ஓடி வருவது அவர்களிடம். கழிவறை எங்கே, கடைசி பஸ் எப்போது, இரவு எந்த வழி இருட்டு என்று சொல்வது அவர்கள். பத்தடி தள்ளி வரிசையாக உட்கார இடம் போட்டு, குப்பைத்தொட்டியும் விளக்கும் கொடுத்தால் தெருவும் நடக்கலாம், அவர்களும் பிழைக்கலாம். மொத்தமாகத் துடைத்துவிட்ட இடங்களில் அதே கடைகள் கொஞ்ச நாளில் வேறு மூலையில் முளைக்கின்றன, முன்னைவிட ஒழுங்கில்லாமல்.

டூரிஸ்ட் வந்தா ஊருக்கு என்ன லாபம்? கமிஷன் எல்லாம் டிரைவருக்குத்தானே?

பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் நுழைவுக் கட்டணமே இல்லை, ஆகவே டிக்கெட்டில் பங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஊருக்கு வரும் காசு சாப்பாடு, தங்கல், வாங்கிப் போகிற பொருள் ஆகியவற்றில்தான். நம் பக்கத்தில் அதற்குக் குறைவா? சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. சுவாமிமலையில் மெழுகுச் சிலையின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதை நேரில் பார்த்தவர், விலையைக் கேட்டு அவ்வளவு சுலபமாக முகம் சுளிக்க மாட்டார்.

கமிஷனை ஒழிக்க முடியாது. பட்டறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ‘கமிஷன் இவ்வளவுதான்’ என்று ஒரே அளவை வைத்தால் குறைக்கலாம்.

குப்பை... அதை நினைச்சாலே அலுப்பா இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

வருகிறவர்கள் எதைக் கழற்றிப் போடுகிறார்களோ அங்கிருந்து. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை விட்டுப்போகிற பழக்கம் எல்லோருக்கும் தெரியும். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்கு, ஆற்றங்கரையெங்கும் ஆடிப்பெருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பை உண்டு. பொதுவாக ‘சுத்தம் காப்போம்’ என்று பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. படித்துறையின் கடைசிப் படியில், துணி அவிழ்க்கிற இடத்திலேயே, வாய் அகன்ற கூடை வைத்தால் அதில் போடுவார்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. அர்ச்சனைப் பையைப் பிளாஸ்டிக்கில் கொடுக்கிற கடைக்காரரை மிரட்டுவதற்கு முன், ஓலைத்தட்டோ மந்தார இலையோ அதே விலைக்குக் கிடைக்க வழி செய்யுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அது ஒரு வேலை.

பிச்சாவரம், வடுவூர் மாதிரி காடு, ஏரின்னா ஊருக்குப் பேச்சே கிடையாதாமே?

நேர்மாறு. பிச்சாவரத்தில் அழிந்துபோன அலையாத்திக் காட்டை மீட்ட வேலையில் ஊர் மக்கள் நேரடியாக இருந்தார்கள். மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதம், அதாவது கடல் அலையேற்றம், உள்ளே ஏறி இறங்கத் தொடங்கியதும் செடிகள் பிடித்தன. அங்கே தண்ணீரின் போக்கு இருளர் குடும்பங்களுக்கும் மீனவருக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கிராம அளவில் குழு வைத்து வனத்துறையோடு சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு மாநிலத்தில் உண்டு. உங்கள் ஊரில் அப்படிக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள், 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. மேட்டூர்த் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் பறவை வரும். ஆகவே பறவை பார்க்க வருகிறவரும் வயலுக்குத் தண்ணீர் கேட்கிறவரும் ஒரே மதகை நம்பியிருக்கிறார்கள். பார்வைக் கோபுரம் கட்டுகிற கூட்டத்துக்குப் பாசனக்காரர்களைக் கூப்பிடாவிட்டால் கோபுரம் இருக்கும், பறவை இருக்காது. அதேபோல தஞ்சைக் கடற்கரையில் மனோரா கோபுரத்தை ஒட்டிய பாக் நீரிணையில் 2022இல் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். வலையில் சிக்கும் கடற்பசுவை, வலையை அறுத்து உயிரோடு விடுவது மீனவர் கையில்தான் இருக்கிறது, அங்கே பங்கேற்பு என்றால் அதுதான்.

எங்க ஊர்க் கோயிலுக்கு யாருமே வர்றதில்லை. எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

உங்களுக்குத்தான் முதலில். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானில் பூஜை நின்றுபோன கோயிலிலிருந்து நடராஜர் திருட்டுப் போனார். 2008இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்று அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது, 2014இல்தான் திரும்பி வந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத கோயிலில் சிலை போனதே தெரியாது. ஒவ்வொரு சிலையையும் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, உயரம் அளந்து, ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் இன்னொன்றை ஊரிலும் வையுங்கள். பழைய புகைப்படங்கள்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் சிலையை அடையாளம் காட்டின. படத்தை இணையத்தில் போட வேண்டாம், அது திருடனுக்குப் பட்டியல்.

சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க பணம் அனுப்புறேங்கிறாங்க. வாங்கலாமா?

கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. நேற்றுத் தொடங்கிய சங்கத்துக்கு அந்தப் பதிவு சட்டென்று கிடைக்காது.

உள்ளூரிலேயே திரட்டினால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும்.

ஊர் ஊர்னு சொல்றீங்களே, அந்த ஊர் யாரு? கூட்டம் நடக்கிறது சன்னதித் தெருவுல, வர்றவங்க நாலு பெரிய மனுஷங்க.

இது ஒரு காலனிப் பெண் கேட்டது. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. கழிவறை கட்ட இடம் பார்க்கும்போது சன்னதித் தெரு, மேல வீதி, கீழ வீதி மூன்றும் ‘இங்கே வேண்டாம்’ என்று ஒரே குரலில் சொல்லும். கடைசியில் அது எந்தத் தெருவுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வருமானம் ஒரு தெருவுக்கு, கழிவு இன்னொரு தெருவுக்கு என்றால் அதற்கு ஊர்ப் பங்கேற்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

கூட்டத்தை ஒருமுறை கோயில் மண்டபத்தில் வைத்தால் அடுத்த முறை காலனிப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு வைக்காதீர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் அப்போதுதான் கரையேறுவார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவரும், தெரு வியாபாரி ஒருவரும் இல்லாமல் எடுத்த தீர்மானத்தை நான் படித்துப் பார்ப்பதே இல்லை.

2028ல மகாமகம் வருது. இப்பவே செய்ய வேண்டியது என்ன?

2016இல் முடிந்தது, பன்னிரண்டு ஆண்டு கணக்குப்படி அடுத்தது 2028 மாசியில். 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் பலர் உயிரிழந்ததைக் கும்பகோணத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தை எந்த வழியாக விடுவது, எங்கே தடுப்பது என்பதைக் காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் முடிவு செய்யும். ஆனால் எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வீட்டுக் கொல்லை வழியாகப் பின் தெருவுக்குப் போகலாம், எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்பது தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

தெருவாரியாக அந்தப் பட்டியலை எழுதுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர்கள் பெயரையும் சேருங்கள், அந்த வாரம் அவர்கள் எப்படி மருத்துவமனைக்குப் போவார்கள் என்பதையும் எழுதுங்கள். மகாமகத்துக்கு முந்தைய ஆண்டு மாநகராட்சி பட்ஜெட் போடுவதற்கு முன் பகுதி சபையில் அதைத் தீர்மானமாக்கிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பந்தக்கால் நட்ட பிறகு கொண்டுபோனால் வாங்கி மேசையில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.